கடைக்கால் இடும் கணக்கு

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைக் காணச் செல்லும் மாணவருள் பலர் சற்று ஏமாற்றத்தோடு திரும்புவதுண்டு. சோழர் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் இப்பகுதியே என்று வகுப்பில் கேட்டவர்கள், தஞ்சைப் பெரிய கோயிலைப் போன்ற விமானம் ஒன்றை மனத்தில் வரைந்துகொண்டு போகிறார்கள். ஆங்கே அவர்கள் காண்பன கல்மேடைகளே. சதுரமாகவும் நீள்சதுரமாகவும் அமைந்த அடித்தளங்களே. மெர்போக் தொல்பொருட் காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகளும் அத்தகையனவே. கருங்கல்லாலும் செம்புறைக் கல்லாலும் செங்கல்லாலும் ஆன அடிப்பகுதி நின்றது. மரத்தாலும் கீற்றாலும் ஆகியிருக்கக்கூடிய மேற்பகுதி மழைக்கும் கறையானுக்கும் இரையாயிற்று.

இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது ஜெராய் மலைச் சாரலில் உள்ள சண்டி புக்கிட் பத்து பகாட். 'பத்து பகாட்' என்பதற்கு உளியால் செதுக்கிய கல் என்று பொருள். குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளரும் அவர் மனைவியாரும் 1936–37இல் இதனை அகழ்ந்து கண்டனர். பின்னர் 1959–60இல் மலாயாப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் அலஸ்டர் லாம்ப் மீண்டும் ஆய்ந்து, கற்களை அவ்விடத்திலேயே அடுக்கி, கோயிலின் அடிப்பகுதியை இன்று நாம் காணும் வடிவில் நிறுத்தினார். மரத்தூண்களை ஊன்றுவதற்குக் குழி வெட்டிய தூணடிக் கற்கள் ஆங்கே வரிசையாக உள்ளன. விமானச் சுவர்க்கட்டுக்குள் கற்பேழைகள் ஆறு கிடைத்தன. ஒவ்வொரு பேழையிலும் நடுவில் ஒன்றும் சுற்றிலும் எட்டுமாக ஒன்பது குழிகள். அவற்றுள் பொன்னும் வெள்ளியும் மணியுமான சிறு பொருள்கள். இவ்வாறு அறை பகுத்த பேழையைக் கட்டடத்தின் அடியில் இடும் முறையை மயமதம் போன்ற சிற்ப நூல்கள் கூறுகின்றன.

சமயப் பொருள் ஒருபுறம் இருக்க, கட்டடத் தொழிலை அறிந்தவர் இப்பேழைகளில் வேறொன்றையும் காண்பர். சுவர் எழும்பிய பின் அவற்றை உள்ளே வைத்திருக்க இயலாது. எந்தக் கல் எந்த வரிசையில், எந்தப் பேழை எந்த இடத்தில் என்பதை முதற்கல் வைக்குமுன்பே ஒருவர் முடிவு செய்திருக்கிறார். கடைக்கால் வேலையின் இயல்பே இதுதான். கூரையில் பிழை நேர்ந்தால் ஏறித் திருத்தலாம். சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். மண்ணுக்குள் போனதை எவரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை.

இன்று சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் சிறு மண்டபங்களும் படிப்பகங்களும் கோயில் மடைப்பள்ளிகளும் எழுவது பெரும்பாலும் கூட்டுழைப்பால். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டவர்கள் ஞாயிறன்று வந்து கூடுகின்றனர். ஒரு ஞாயிறு குழி வெட்டுவார்கள். அடுத்த ஞாயிறு இருக்கிற சிமெண்டு தீரும்வரை ஒரு பக்கம் கான்கிரீட் ஊற்றுவார்கள். அதற்கடுத்த வாரம் பணம் சேர்ந்தால் மிச்சம். சுவர் எழும்பி, வெள்ளையும் அடித்து, திறப்பு விழாவும் நடந்து ஓராண்டு சென்றபின், கல் வரிசைகளின் ஊடே படிப்படியாக ஏறும் ஒரு வெடிப்புத் தோன்றும். சிமெண்டு சரியில்லை என்பார் ஒருவர். மண் சரியில்லை என்பார் மற்றொருவர். கண்ணேறு என்பாரும் உண்டு. கலவை தீர்ந்த இடத்தில் நிறுத்தினோமே, அந்த இடம் எது என்று கேட்பவர் அரியர்.

சொல் ஒன்றை இங்கே விளக்கிவிடுதல் நன்று. கடைக்காலுக்குக் குழி எடுப்பதைத் தமிழ்நாட்டுக் கொத்தர்கள் 'வானம் தோண்டுதல்' என்பர். தலைக்கு மேலே இருப்பதன் பெயரைக் காலுக்குக் கீழே இருப்பதற்கு வைத்த குறும்பு சுவையானது. அக்குழியின் அடியில், சுவரைவிட அகலமாக, ஊற்றப்படும் கான்கிரீட் பட்டையே ஃபூட்டிங் எனப்படுவது. இக்கட்டுரையில் அதனை அடிப்பட்டை என்போம். சுவரின் சுமையை அகலப் பரப்பி மண்ணுக்குக் கொடுப்பது அதன் வேலை. மண் ஓரிடத்தில் மெலிந்திருந்தால் அந்த இடத்தைப் பாலம்போல் தாண்டிச் சுமையைப் பக்கத்துக்குக் கொண்டுசெல்வதும் அதன் வேலையே. பாலம் நடுவில் ஒட்டாமல் இருந்தால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியிலிருந்தே மற்ற விதிகள் யாவும் பிறக்கின்றன.

கான்கிரீட் காய்ந்து இறுகுவது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சிமெண்டு நீரோடு வேதியியல் முறையில் சேர்ந்து இறுகுகிறது. ஆகையால்தான் நீருக்கடியிலும் அது இறுகும். கலந்த பின் சிறிது நேரம் அது குழைவாக இருக்கும். கெடாவின் வெயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் விறைக்கத் தொடங்கிவிடும். குழைவாக இருக்கும் பழைய கலவையின் மேல் புதுக்கலவை விழுந்தால், கம்பியால் குத்தும்போது இரண்டும் கலந்து ஓருடலாகும். விறைத்த பின் விழுந்தால் அருகருகே படுத்திருக்கும், ஒன்றாகாது. கண்ணுக்குச் சுவர்போல் தெரியும். வலுவில் அது இரண்டு துண்டே. ஆகவே, அடிப்பட்டையை ஒரே நாளில், ஒரே தொடர்ச்சியாக ஊற்றி முடிப்பது தலைசிறந்தது. முடியாதெனில் எங்கே நிறுத்துவது என்பதை மனிதன் முடிவு செய்யவேண்டும். தீர்ந்துபோன மூட்டையும் திடீரென வந்த மழையும் முடிவு செய்யக் கூடாது.

முடியுமா முடியாதா என்பதை அறிய ஆறாம் ஆண்டு மாணவனின் கணக்கே போதும். படிப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவர்களின் நடுக்கோட்டில் அளந்தால் நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். சுற்றளவு 40 மீட்டர். அடிப்பட்டை 600 மில்லிமீட்டர் அகலமும் 250 மில்லிமீட்டர் கனமும் உடையது எனின், வெட்டு முகப்பு 0.15 சதுர மீட்டர். 40 மீட்டருக்கு 6 கன மீட்டர் கான்கிரீட். குழியின் ஓரம் சரிவதும் கைவண்டியில் சிந்துவதும் உண்டாகையால் பத்து விழுக்காடு கூட்டி 6.6 கன மீட்டர் என்று கொள்ளவேண்டும்.

அரை மூட்டை சிமெண்டை ஒரு தடவைக்குக் கலக்கும் சிறு மிக்ஸர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற அளவில், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.16 கன மீட்டர் கான்கிரீட் கிடைக்கும். எனவே அரை மூட்டைக் கலவை ஒன்று 0.08 கன மீட்டர். அது குழியில் அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தை நிரப்பும். 6.6 கன மீட்டருக்கு 83 கலவைகள். ஒரு கலவைக்கு 5 நிமிடம் என்றால் ஏழு மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 2 மணி. மிக்ஸர் ஒருமுறைகூட நிற்காமல், ஆட்கள் பசியாறக்கூட அமராமல் இருந்தால் தான் இது. கெடாவில் ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை எதிர்பார்க்கத் தக்கதே. அம்மாதங்களில் இவ்வேலையை ஒரே நாளில் செய்ய முற்படுவது சூதாட்டம். வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் துணியலாம்.

கலவை லோரியை அழைக்கலாமே எனின், அது நல்ல வழியே. ஆனால் ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன் எடை. 6 கன மீட்டர் சுமந்து வரும் லோரி தன் எடையும் சேர்ந்து 25 டன்னுக்குக் குறையாது. தோட்டத்து மரப்பாலமும் செம்மண் சாலையும் அதைத் தாங்குமா என்று முதலில் நடந்து பார்க்கவேண்டும். லோரி வந்து நின்றபின், குழிக்கு நாற்பது அடி தள்ளித்தான் நிற்க முடியும் என்று தெரிந்து, பதினைந்து பேர் வாளியோடு ஓடுவது காணச் சுவையாக இருக்கும், கான்கிரீட்டுக்கு நல்லதன்று.

லோரி வராத இடத்தில் இரண்டு நாள் திட்டமே ஏற்றது. எங்கே பிரிப்பது? மூலையில் கூடாது, இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடம் அது. குறுக்குச் சுவர் வந்து சேரும் இடத்திலும் கூடாது. கதவுக்கு நேர் கீழும் ஆகாது. ஏனெனில் அங்கே மேலே சுவர் இல்லை, இருபுறமும் சுவரின் சுமை அழுத்துகிறது, நடுவில் பட்டை வளையப் பார்க்கிறது. நம் படிப்பகத்தின் வடக்கு நெடுஞ்சுவரின் நடுவில் கதவு என்று கொள்வோம். வடமேற்கு மூலையிலிருந்து கிழக்கு நோக்கி 4.5 மீட்டரில் ஒரு நிறுத்தம். தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கு நோக்கி 7.5 மீட்டரில் மற்றொரு நிறுத்தம். முதல் நாள் ஊற்றுவது வடக்கில் 4.5, மேற்கில் 8, தெற்கில் 7.5, ஆக 20 மீட்டர். இரண்டாம் நாளுக்கும் அதே 20 மீட்டர் எஞ்சும். மூலைகள் நான்கும் முழுமையாக அமைகின்றன. பொருத்துகள் இரண்டும் எதிரெதிராக நிற்காமல் விலகி நிற்கின்றன. கதவுக்கும் தூரம் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 42 கலவை, மூன்றரை மணி நேரம். எட்டு மணிக்குத் தொடங்கினாலும் பதினொன்றரைக்கு முடியும். கழுவித் துடைத்து, சாக்குப் போர்த்தி, மழைக்குமுன் வீடு திரும்பலாம்.

அந்நாளுக்குத் தேவையான பொருள்களும் இக்கணக்கிலேயே வருகின்றன. சிமெண்டு 21 மூட்டை. மணல் ஒன்றரைக் கன மீட்டர். ஜல்லி மூன்று கன மீட்டர். இவை முழுவதும் முதல் கலவைக்கு முன்பே இடத்தில் இருக்கவேண்டும். பாதியில் ஒருவரை மோட்டார் சைக்கிளில் கடைக்கு அனுப்பும் வேலையில் நல்ல பொருத்து அமைவதில்லை.

நிறுத்தும் இடத்தில் குழிக்குக் குறுக்கே தடுப்புப் பலகை ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தவேண்டும். கம்பிகள் நுழைவதற்குப் பலகையில் வெட்டு விடவேண்டும். கம்பி நிறுத்தத்தைத் தாண்டித் தொடர்ந்து ஓடவேண்டும். கலவையைச் சரிவாகத் தேய்த்து விட்டுவிடுவது எளிது. பலரும் செய்வதும் அதுவே. ஆனால் சரிவின் நுனி மெல்லியதாகி உதிரும். அதன்மேல் அடுத்த நாள் ஊற்றுவது சறுக்குமரத்தின்மேல் அமர்வதைப் போன்றது. மறுநாள் பலகையை எடுத்து, முகப்பில் படிந்துள்ள பால்போன்ற சிமெண்டுப் படலத்தைக் கொத்தி, ஜல்லி தெரியும்வரை சொரசொரப்பாக்கி, கழுவி, ஈரம் இருக்கும்போதே புதுக்கலவையை அழுத்திக் குத்தவேண்டும். உதிரித் தடுப்புப் பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பதும் அறிவுடைமை. மிக்ஸர் பழுதானாலும் மழை கொட்டினாலும், கதவையும் மூலையையும் விட்டு விலகிய ஓரிடத்தில் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

பசியாறும் வேளை தனியே சொல்லத்தக்கது. பத்து மணிக்கு நாசி லெமாக் பொட்டலம் வந்துவிட்டால் எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போவது வழக்கம். முக்கால் மணி நேரம் பேச்சில் கழிந்தால் குழியில் ஒரு பொருத்து எவரும் அறியாமல் பிறந்துவிடும். இரண்டு இரண்டு பேராக மாறி மாறிப் பசியாறுவது நன்று.

இனி நீர். கலவை கெட்டியாக இருக்கும்போது நடக்கும் உரையாடலைக் கேட்காத தோட்டம் இல்லை.

"அண்ணே, கம்பிக்கு நடுவுல எறங்க மாட்டேங்குது. இன்னும் ஒரு வாளி ஊத்தட்டுமா?"

"ஊத்துப்பா, ஊத்து. ஓடட்டும்."

அமெரிக்காவின் டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறிற்று. கான்கிரீட்டின் வலிமை நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. நீர் ஏற ஏற வலிமை இறங்கும். சிமெண்டோடு சேராத மிகை நீர் பின்னர் வெளியேறி, நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. அரை மூட்டைக் கலவைக்கு ஏறத்தாழ 13 லிட்டர் நீர் போதும். அதிலும் முந்திய இரவு மழையில் நனைந்த மணலாக இருந்தால், இரண்டு மூன்று லிட்டர் நீரை அதுவே சுமந்து வந்திருக்கும், அவ்வளவைக் குறைக்கவேண்டும். மணலை மண்வெட்டிக் கணக்கில் போடாமல் பலகைப் பெட்டியால் அளப்பது நலம். 50 கிலோ சிமெண்டு ஏறத்தாழ 35 லிட்டர். எனவே 35 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று செய்துகொண்டால், அரை மூட்டைக்கு மணல் ஒரு பெட்டி, ஜல்லி இரண்டு பெட்டி. இப்பெட்டியைச் செய்வதைக் கைத்தொழில் வகுப்பு மாணவரிடமே விடலாம்.

குழியைப் பற்றியும் கூறவேண்டும். கெடாவின் மண் ஓரியல்பினது அன்று. ஜெராய் மலையடியிலும் கிழக்குத் தோட்டங்களிலும் செம்புறை மண் மேடுகள் உண்டு. இவை சிறு கட்டடங்களை நன்கு தாங்கும். அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த நெல்வயற் சமவெளியோ கடற்களிமண். அங்கே வெறும் அடிப்பட்டையை நம்பிச் சுவர் எழுப்புதல் கூடாது. முன்னாளில் பாக்காவ் மரக் கழிகளை அடித்து இறக்கினர். இன்று சிறு கட்டடங்களுக்கு அவற்றோடு வார்ப்புக் கான்கிரீட் தூண்களும் பயன்படுகின்றன. இவ்வகை இடங்களில் பொறியாளரைக் கேளாமல் மண்ணில் கை வைப்பது முறையன்று. எங்காயினும் நிலையான கட்டடத்துக்கு 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டட உபவிதிகளின்படி வரைபடமும் ஊராட்சி மன்ற அனுமதியும் வேண்டும்.

மேட்டு நிலத்தில் வேறொரு பொறி இருக்கிறது. சரிவைச் சமன் செய்ய, மேற்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் கொட்டியிருப்பார்கள். பாதிக் கட்டடம் பிறந்த மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் இறங்கும்; மற்றது இறங்காது. ஆகவே குழி எங்கும் பிறந்த மண்ணைத் தொடும் ஆழம் போகவேண்டும். அதற்காக அடிப்பட்டை படிப்படியாக இறங்க நேரும். ஒரு படியின் உயரம் பட்டையின் கனத்தை மிஞ்சலாகாது. மேற்படி கீழ்ப்படியின்மேல் ஏறிக் கிடக்கும் நீளம், படி உயரத்தைப்போல் இருமடங்கேனும், பட்டையின் கனமேனும், 300 மில்லிமீட்டரேனும், இவற்றுள் பெரியதாக இருக்கவேண்டும். சிமெண்டுக் கல்லின் அளவைப் பாருங்கள்: சாந்தோடு சேர்த்து உயரம் 200, நீளம் 400. படியை 200 என வைத்தால் 250 கனத்துக்குள் அடங்குகிறது. ஏறிக் கிடக்கவேண்டிய நீளம் 400, அதாவது சரியாக ஒரு கல். இப்படி அமைத்தால் சுவர் கட்டும்போது ஒரு கல்லையும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. படியை 170 என்றோ 230 என்றோ மனம்போனபடி வைத்தவர், அந்த மூலையில் வரிசைதோறும் கல்லை உடைத்துக்கொண்டிருப்பார். ஊற்றுவது கீழ்ப்படியிலிருந்து தொடங்கவேண்டும். கீழே உள்ளது சற்று விறைப்பேறிய பின், ஆனால் இறுகிவிடுமுன், மேற்படியை ஊற்றினால் கலவை பலகைக்கடியில் பிதுங்காது.

குழியின் அடியில் நீர் தேங்கிச் சேறானால் சேற்றை வழித்தெறிய வேண்டும். எறிந்த ஆழத்தை மண்ணால் நிரப்பலாகாது. மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பவேண்டும். குழியை வெட்டிவிட்டு ஒரு வாரம் திறந்து போடும் வழக்கம் இதனாலேயே தீங்கானது. மண்ணோடு நேரே ஒட்டும் கான்கிரீட்டில் கம்பிக்குச் சுற்றிலும் 75 மில்லிமீட்டர் மறைப்பு வேண்டும். உடைந்த செங்கல்லின்மேல் கம்பியை வைப்பது தவறு. செங்கல் நீரை உறிஞ்சித் துருவுக்கு வழி செய்யும். சிமெண்டுச் சாந்தில் வார்த்த சிறு கட்டிகளே ஏற்றவை. 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டை நீட்டும்போது 500 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். அப்படியும் இடம் நிறுத்தப் பலகைக்கு அருகில் வரலாகாது. தண்ணீர்க் குழாயும் கழிவு நீர்க் குழாயும் கடைக்காலைக் கடக்கும் இடங்களுக்கு உறை குழாய்களை இப்போதே வைத்துவிடவேண்டும். புக்கிட் பத்து பகாட்டின் பேழையைப் போலவே, பின்னால் நுழைக்க வழியில்லை. பின்னால் நுழைப்பவர் உளியோடு வருவார்.

ஊற்றிய மேற்பரப்பு நீர்மட்டத்தில் இருக்கவேண்டும். தெளிந்த குழாயில் நீர் நிரப்பி மூலைக்கு மூலை மட்டம் எடுக்கும் பழைய முறையே இதற்குப் போதும். ஒரு மூலையில் 30 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டால், முதல் வரிசைச் சாந்தைத் தடிப்பாக்கி அதை மறைக்க நேரும். சுவரின் மிக மெலிந்த வரிசை மிக அடியில் அமைந்துவிடும்.

பிறகு ஏழு நாள் ஈரம். கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தி, காலையும் மாலையும் நீர் தெளித்துவரவேண்டும். ஞாயிறு மட்டும் கூடும் குழுவுக்கு இதுவே மிகக் கடினமான பகுதி. அருகில் குடியிருக்கும் ஒருவர் பெயரை முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால் திங்களன்றே சாக்கு காய்ந்துவிடும். கல் அடுக்க மூன்று நாளேனும் பொறுத்தல் நலம். 28 நாளில் எட்டும் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏழாம் நாளில் கிடைத்துவிடும். ஆகவே அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கும் கூட்டுழைப்புக் குழுவினர், அறியாமலே சரியானதைச் செய்கின்றனர்.

மண் மூடுமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஊற்றிய நாள்கள், கலவை அளவு, மூலையிலிருந்து எத்தனை மீட்டரில் பொருத்து, உறை குழாய்கள் எங்கே என்பவற்றை ஒரு தாளில் வரைந்து, படிப்பகத்தின் கணக்குப் புத்தகத்தோடு வைத்துவிடவேண்டும். 2013ஆம் ஆண்டின் இறுதியில் சுங்கை பத்துப் பகுதியில் சண்டி ஒன்றின் அடித்தளம் நில மேம்பாட்டு வேலையில் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி வந்தபோது, அங்கே இருந்தது என்ன என்பதற்கு ஆய்வாளரின் பழைய குறிப்புகளைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. படிப்பகத்துக்கு அவ்வளவு பெரிய நிலை வாராது. பத்தாண்டு கழித்துப் பின்கட்டு ஒன்று சேர்க்க வரும் கொத்தனார், பழைய பட்டையோடு புதியதை எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று கேட்பார். அப்போது விரித்துக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.